பிடில் என்று ஏன் சொன்னார்கள்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரே மூச்சில் படிக்க முடியாதவர்கள் இரண்டு தவணையாகப் படித்துக்கொள்ளலாம். பாதியில் விட்டுவிட்டு லைக் மட்டும் போட்டால் எனக்குத் தெரிந்துவிடும். விடைத்தாள் திருத்தியே பழகிய கண் இது.

அமெரிக்காவில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் போன மாதம் ஒரு சங்கடத்தை எழுதியிருந்தார். அவர் மகள் நாலு வருடமாக நம் கர்நாடக வயலின் கற்கிறாள். இந்த வருடம் பள்ளியில் ஒரு பிடில் குழுவிலும் சேர்ந்திருக்கிறாள். ஐரிஷ், ஸ்காட்டிஷ், அப்பலாச்சிய மலைப் பாட்டு என்று துள்ளலாக வாசிக்கிற குழு. ஊரிலிருந்து போயிருக்கும் அப்பத்தாவுக்கு அது பொறுக்கவில்லை. "சாமி பாட்டு வாசிக்கிற வயலின்ல இதென்ன அம்மிணி, ஆட்டக்காரப் பாட்டு? ஒண்ணு அதை விடு, இல்லீன்னா இதை விடு" என்று சொல்லிவிட்டார். பிள்ளை இரண்டையும் விட்டுவிட்டது. வயலின் பெட்டி மூடிக் கிடக்கிறதாம். "ஐயா, சரித்திரத்துல இதுக்கு ஏதாச்சும் பதில் இருக்குங்களா?" என்று கேட்டிருந்தார்.

இருக்குது கண்ணு. தனியாக எழுதுவதைவிட எல்லோருக்கும் எழுதலாம் என்று இங்கேயே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். நம் தாத்தா பாட்டி காலத்தில் வயலின் என்று யாரும் சொல்லவில்லை. பிடில் என்றுதான் சொன்னார்கள். திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யர் பிடில் வித்வான். மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை பிடில் வித்வான். கச்சேரி நோட்டீஸில்கூடப் பிடில் என்றுதான் அச்சடிப்பார்கள். இங்கிலீஷில் வயலினும் பிடிலும் ஒரே கருவிதான். அதே நாலு கம்பி, அதே வில். அரண்மனையிலும் கச்சேரி மண்டபத்திலும் தாளைப் பார்த்து வாசித்தால் அது வயலின். ஊர்ச் சாவடியில், கல்யாண வீட்டில், ஆடுகிற காலுக்குக் காதால் கேட்டுப் பழகி வாசித்தால் அது பிடில். அந்த இரண்டு பெயரில் நம் முன்னோர் நாக்கில் ஒட்டிக்கொண்டது எது என்று பாருங்கள். கப்பலில் வந்தவர்கள் எந்தப் பெயரால் அதைக் கூப்பிட்டார்களோ அதுதானே ஒட்டும்?

(நீரோ கதையையும் முடித்துவிடுகிறேன். ரோம் எரிந்தது கி.பி. 64-இல். இன்றைய வடிவத்தில் வயலின் பிறந்தது 16-ஆம் நூற்றாண்டில், வட இத்தாலியில். நீரோ பிடில் வாசித்திருக்க வேண்டுமானால் ஆயிரத்து நானூறு வருடத்துக்கு மேல் காத்திருந்திருக்க வேண்டும். வகுப்பில் வருடா வருடம் சொன்னதுதான். இன்னமும் சில பேர் வாட்ஸ்அப்பில் நீரோ பிடில் என்று அனுப்பிக்கொண்டு இருக்கிறீர்கள்.)

ராவணன் செய்தது, கோயில் சிற்பத்தில் இருக்கிறது என்று ஒரு கட்சி உண்டு. வில் போட்டு வாசிக்கிற கருவிகள் நம் நாட்டிலும் ஆசியாவின் பல பாகங்களிலும் பழைய காலத்திலிருந்தே உண்டு. அதில் சண்டை இல்லை. ஆனால் இன்று நம் பிள்ளைகள் மடியில் வைத்திருக்கிற இந்தக் கருவி, இந்த உடம்போடு, கப்பலில்தான் வந்தது.

யார் கொண்டுவந்தார்கள்? இங்கேதான் நம் கொங்கு நாடும் கதைக்குள் வருகிறது.

கிழக்கிந்தியக் கம்பெனிப் படை என்றால் நாம் மொத்தமாக "இங்கிலீஷ்காரன்" என்று சொல்லிவிடுகிறோம். அதில் ஸ்காட்லாந்துக்காரர்களும் அயர்லாந்துக்காரர்களும் ஏராளம். சொந்த ஊரில் நிலம் இல்லை, பிழைப்பு இல்லை. பட்டாளத்துக்கு வந்தார்கள். 1783-இல் பாலக்காட்டுக் கோட்டையைப் பிடித்துவிட்டு நம் கோயமுத்தூருக்குள் நுழைந்த கர்னல் புல்லார்ட்டன், ஸ்காட்லாந்தின் அயர்ஷயர்க்காரர். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸுக்கும் அதே சீமைதான். பர்ன்ஸ் தன் 'தி விஷன்' கவிதையில் இந்தப் புல்லார்ட்டனைக் குறிப்பிடுகிறார். பர்ன்ஸின் பாட்டுக்கள் பல, ஊரில் பிடில்காரர்கள் ஆட்டத்துக்கு வாசித்த மெட்டில் வார்த்தை போட்டவை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பாராமகாலில் 1792 முதல் 1799 வரை நில வரி போட்டுக்கொண்டிருந்த தாமஸ் மன்றோ கிளாஸ்கோக்காரர். பாராமகாலைத் திப்புவிடமிருந்து 1792-இல் வாங்கிய காரன்வாலிஸ் பிரபு, அதற்குப் பதினோரு வருடம் முன்பு, 1781-இல், அமெரிக்காவில் யார்க்டவுனில் ஜார்ஜ் வாஷிங்டனிடம் தோற்றுச் சரணடைந்த அதே ஆள். அங்கே விட்டதை இங்கே பிடித்தார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்து, அயர்லாந்து கிராமத்திலிருந்து புறப்பட்ட ஆட்களுக்கு இரண்டு வழி இருந்தது. ஒரு கப்பல் மேற்கே அமெரிக்காவுக்கு, ஒரு கப்பல் கிழக்கே மதராஸுக்கு. இரண்டு கப்பலிலும் பாட்டு ஏறிற்று. அந்த ஊர் ஆட்டப் பாட்டுக்கு 'ரீல்' என்று பெயர். இப்போது செல்போனில் பார்க்கிற ரீல்ஸ் இல்லை. வரிசையாக நின்று, கைகோத்து, சுற்றி வந்து ஆடுகிற ஆட்டம். நம் வள்ளி கும்மி, ஒயில் கும்மியைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். மெட்டு சின்னது. இரண்டே பாகம். ஒவ்வொரு பாகத்தையும் இரண்டு தரம் வாசித்து, ஆடுகிறவர்கள் கால் ஓயும்வரை திரும்பத் திரும்ப வாசிப்பார்கள்.

இனி மணலிக்குப் போவோம். இன்றைக்கு எண்ணெய் ஆலைகள் நிற்கிற, சென்னைக்கு வடக்கேயுள்ள மணலி. அங்கே முதலியார் ஜமீன் குடும்பம் ஒன்று கம்பெனிக்கு துபாஷி வேலை பார்த்து வந்தது. இசைப் பிரியர்கள். அவர்கள் ஆதரவில் ராமசாமி தீட்சிதர் குடும்பம் அங்கே போய்த் தங்கியது. மூத்த மகன் முத்துசாமி தீட்சிதர், நமக்கெல்லாம் தெரிந்த மும்மூர்த்திகளில் ஒருவர். தம்பி பாலுசாமி தீட்சிதர், 1786-இல் பிறந்தவர். முதலியார் இவர்களைச் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துப்போய் வெள்ளைக்காரப் பேண்டு வாத்தியம் கேட்கவைப்பாராம். பாலுசாமிக்குப் பிடில் மேல் ஆசை வந்துவிட்டது. முதலியார் ஓர் ஐரோப்பியரை ஏற்பாடு செய்தார். அவரிடம் மூன்று வருடம் கற்றுக்கொண்டு, பாலுசாமி நம் ராகங்களை அதில் வாசிக்க ஆரம்பித்தார். தீட்சிதர் குடும்பத்து வாரிசான சுப்பராம தீட்சிதர் எழுதிவைத்த வரலாறு இது. தஞ்சை அரண்மனையின் வராகப்பையர் பெயரையும் முன்னோடியாகச் சொல்வார்கள். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு இன்னொருவர். அவர் வாசிப்பில் மயங்கிய சுவாதித் திருநாள் மகாராஜா 1834-இல் தந்தத்தால் ஆன வயலினையே பரிசாகக் கொடுத்தார்.

பாலுசாமிக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஐரோப்பியர் ஒருவர் என்பதோடு சரி. குருவின் பெயரில்லாத குருபரம்பரை! வாத்தியாராக இருந்தவனுக்கு இது கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது.

அண்ணன் முத்துசாமி செய்த காரியம்தான் அப்பத்தாவுக்கு நான் சொல்ல விரும்புவது. கோட்டையில் கேட்ட மெட்டுக்களை அவர் தள்ளிவைக்கவில்லை. மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு சமஸ்கிருதத்தில் சாமி பேரில் வார்த்தை போட்டார். முப்பதுக்கும் மேற்பட்ட உருப்படிகள். 'நோட்டுஸ்வர சாகித்யம்' என்று பெயர். நோட்டு என்றால் இங்கிலீஷ் நோட்தான். கமகம் இல்லாமல், சங்கராபரணத்தின் சுரங்களில் நேராக நடக்கும். பாட்டு வகுப்புக்குப் போன நம் வீட்டுப் பெண்கள் பல பேர் சின்ன வயதில் இதைப் பாடியிருப்பீர்கள், எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே.

'ஸந்ததம் பாஹிமாம்' என்று சங்கீத சியாமளா மேல் ஒன்று. மெட்டு, 'காட் சேவ் த கிங்'. இங்கிலாந்து ராஜா நீடூழி வாழ்க என்ற பாட்டு! 1831-இல் சாமுவேல் ஸ்மித் என்ற அமெரிக்கர் இதே மெட்டுக்குத் தன் நாட்டு வாழ்த்து ஒன்றை எழுதினார். இன்றும் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் பாடுகிறார்கள். ஆக, ராஜாவுக்கு ஒன்று, ராஜா வேண்டாம் என்ற நாட்டுக்கு ஒன்று, அம்பாளுக்கு ஒன்று.

'வந்தே மீனாக்ஷி' இன்னும் வேடிக்கை. அதன் மெட்டு 'ரேக்ஸ் ஆப் மேலோ' என்ற அயர்லாந்து ஆட்டப் பாட்டு. மேலோ என்பது கார்க் மாவட்டத்தில் ஓர் ஊர். ரேக்ஸ் என்றால் ஊதாரிகள். குடித்துக் கூத்தடித்துச் சொத்தை அழிக்கிற வாலிபர் கூட்டத்தைப் பற்றிய பாட்டு. 'தி கொயட் மேன்' என்ற 1952-ஆம் வருடத்து ஹாலிவுட் படத்திலும் இந்த மெட்டு வருகிறது. அதைத்தான் தீட்சிதர் மீனாட்சி அம்மனுக்குச் சாத்தினார். அவருக்குக் கூச்சமே இல்லை. ஸ்ரீவித்யா உபாசகர், காசிவரை போய்வந்த பண்டிதர், அவருக்கு இல்லாத தீட்டு நமக்கு எங்கிருந்து வந்தது அம்மா?

மூன்றாவது, 'ஜகதீச குருகுஹ'. இதற்கு மூலம் 'லார்ட் மக்டொனால்ட்ஸ் ரீல்'. மக்டொனால்ட் என்பது ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவுப் பிரபு குடும்பம். இந்த ரீல்தான் நான் சொன்ன இரண்டு கப்பலிலும் ஏறிய பாட்டு. கிழக்கே வந்தது மதராஸில் தீட்சிதர் கையில் கீர்த்தனை ஆயிற்று. மேற்கே போனது அமெரிக்க மலைநாட்டுப் பிடில்காரர் கையில் 'லெதர் பிரிச்சஸ்' ஆயிற்று. தோல் கால்சட்டை என்று அர்த்தம். அந்த மலைக்காரர்கள் பீன்ஸை நூலில் கோத்துக் காயவைக்கிற வத்தலுக்கும் இதே பெயர்தான். நம் கொத்தவரங்காய் வத்தல் மாதிரி. அந்தப் பிள்ளை தன் பள்ளிக் குழுவில் 'லெதர் பிரிச்சஸ்' வாசித்தால், ஜகதீச குருகுஹனுக்குப் பங்காளி முறைப் பாட்டைத்தான் வாசிக்கிறாள்.

அமெரிக்காவில் அது எப்படி வளர்ந்தது என்பதையும் சொல்லாவிட்டால் கதை ஒருபக்கமாகிவிடும். அயர்லாந்தின் வடக்கிலிருந்து போன ஸ்காட்லாந்து வம்சத்தார் அப்பலாச்சிய மலைகளில் குடியேறினார்கள். சாலை இல்லாத மலை. பிடில் ஒன்றுதான் துணை. ஆனால் அந்த இசை வெள்ளைக்காரர்கள் மட்டும் செய்ததில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் தங்கள் ஊர்க் கருவியின் நினைவில் பாஞ்சோவைச் செய்தார்கள். பண்ணை வீட்டு ஆட்டங்களுக்குப் பிடில் வாசித்ததும் பெரும்பாலும் அவர்கள்தான். சாலமன் நார்த்தப் என்ற சுதந்திரமான கறுப்பினத்தவர் நல்ல பிடில்காரர். 1841-இல், சர்க்கஸில் வாசிக்கலாம் வா என்று ஆசைகாட்டிக் கூட்டிப்போய் அடிமையாக விற்றுவிட்டார்கள். பன்னிரண்டு வருடம் கழித்து மீண்டு வந்து அவர் எழுதிய புத்தகம் பின்னாளில் சினிமாவாகவும் வந்தது. பிடில் அவரைச் சிக்கவும் வைத்தது, அந்தப் பன்னிரண்டு வருடம் துணைக்கும் நின்றது. 1922-இல் எக் ராபர்ட்சன் என்ற டெக்சாஸ் பிடில்காரர் நியூயார்க் போய் விக்டர் கம்பெனிக்கு இசைத்தட்டு கொடுத்தார்.

அதற்கு முன்பே சிகாகோவில் ஒருவர் ஒரு பெரிய வேலை செய்துவிட்டார். பிரான்சிஸ் ஓ'நீல். அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் 1848-இல் பிறந்து, கப்பல் வேலைக்கு ஓடிப்போய், கடைசியில் சிகாகோ நகரத்துப் போலீஸ் தலைவரானவர். புலம்பெயர்ந்த தன் ஊர்க்காரர்களிடமிருந்து மெட்டு மெட்டாகச் சேகரித்து 1903-இல் 1850 மெட்டுக்களை ஒரே புத்தகமாக அச்சிட்டார். அடுத்த வருடம், 1904-இல், எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை வெளியிட்டார். பாலுசாமி தீட்சிதரின் மகள் வயிற்றுப் பேரன், அவருக்கே சுவீகாரப் பிள்ளையும்கூட. தீட்சிதர் கீர்த்தனைகள் இன்று நமக்குக் கிடைப்பதற்கு அந்தப் புத்தகம்தான் பெரிய காரணம். சிகாகோ போலீஸ்காரரும் எட்டயபுரத்து வித்வானும் ஒருவரை ஒருவர் அறிந்திருக்க வழியே இல்லை. அடுத்தடுத்த வருடத்தில் இரண்டு பேரும் ஒரே கவலையில் ஒரே வேலையை முடித்திருக்கிறார்கள்.

கருவியைப் பிடிக்கிற முறைக்கு வருகிறேன். நாம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிடிலின் தலையை வலது காலில் ஊன்றி, அடிப்பாகத்தை நெஞ்சில் சாய்த்துக்கொள்கிறோம். இடது கைக்குக் கருவியைத் தாங்கும் வேலை இல்லை. அதனால்தான் கம்பி மேல் வழுக்கிப் போய்க் கமகம் பிடிக்க முடிகிறது. "தாடையில் வைப்பதுதான் சரி, நம்மவர்கள் மாற்றிவிட்டார்கள்" என்பார்கள். தாடை வைக்கிற கட்டையை லூயி ஸ்போர் என்ற ஜெர்மன் வித்வான் கண்டுபிடித்ததே 1820 வாக்கில்தான். பாலுசாமி கற்றபோது அது கிடையாது. பழைய பிடில்காரர்கள் பலர் நெஞ்சிலும் தோள்பட்டையிலும் சாய்த்துத்தான் வாசித்தார்கள். அமெரிக்க மலைநாட்டுக் கிழவர்களின் பழைய போட்டோக்களில் இன்றும் அதைப் பார்க்கலாம். நம்மவர்கள் அதிலிருந்து ஒரு படி தள்ளிப் போய்க் காலில் ஊன்றினார்கள், அவ்வளவுதான்.

சுருதி விஷயம் இன்னும் அழகு. வெள்ளைக்கார வயலினில் நாலு கம்பிக்கும் ஜி, டி, ஏ, ஈ என்று சுருதி. ஒவ்வொன்றும் முந்தியதற்குப் பஞ்சமம். நாம் அதை மாற்றி ச-ப-ச-ப என்று வைத்தோம். இது நம் தனிச் சொத்து என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தோம். அமெரிக்க மலைநாட்டில் சில பாட்டுக்களுக்குக் கம்பியைத் திருகி ஏ, ஈ, ஏ, ஈ என்று வைப்பார்கள். 18-ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்திலும் இந்தப் பழக்கம் உண்டு. ஏ-யை ஷட்ஜமாக வைத்துப் பாருங்கள். ஏ-க்கு மேல் ஈ பஞ்சமம். ச-ப-ச-ப! ஆறு கட்டை சுருதி. யாரும் யாரிடமும் காப்பியடிக்கவில்லை. நமக்குத் தம்பூரா காதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அவர்களுக்குப் பக்கத்துக் கம்பியையும் சேர்த்து இழுத்து ஒரு ரீங்காரம் கூடவே வரவேண்டும், தனியாள் வாசித்தாலும் சாவடி நிறைய வேண்டும். ஆதார சுருதி விடாமல் கேட்கவேண்டும் என்று நினைத்த இரண்டு கூட்டமும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். தீட்சிதர் கையில் மெட்டு பிழைத்தது, ஆட்டம் போய்விட்டது. அந்த ரீலுக்கு ஆடிய கால்கள் நம் சங்கீத உலகத்துக்குள் வரவே இல்லை. அதைவிடப் பெரிய வருத்தம் எனக்கு நம் ஊரைப் பற்றித்தான். மேலோ ஊர் ஊதாரிகளின் பாட்டுக்குச் சபையில் இடம் கிடைத்தது. காங்கேயம் பக்கத்து உடுக்கைப் பாட்டுக்குக் கிடைத்ததா? நம் அண்ணன்மார் கதையைப் பல இரவுகள் உட்கார்ந்து ஒலிப்பதிவு செய்தவர் பிரெண்டா பெக் என்ற மேல்நாட்டு ஆய்வாளர். 1965-இல், ஓலப்பாளையத்தில் குடியிருந்து செய்தார். நாம் அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம்? உடுக்கைக்காரரைக் கோயில் திண்ணையில் உட்காரவைத்துவிட்டு, சங்கீதம் என்றால் ரேடியோவில் வருவது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அப்பத்தா "ஆட்டக்காரப் பாட்டு" என்று சொன்னபோது அவர் ஐரிஷ்காரரை மட்டும் சொல்லவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. தன் பாட்டியின் கும்மிப் பாட்டையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறார். அவர் மேல் குற்றமில்லை. சபையில் இருப்பதுதான் பெருசு என்று அவருக்கும் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இப்போது வள்ளி கும்மிக்குப் பிள்ளைகள் மைதானம் நிறையத் திரண்டு ஆடுவதைப் பார்க்கும்போது கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது.

அந்த அம்மாவிடம் இந்தப் பதிவைப் படித்துக் காட்டச் சொல்லி என் மாணவரிடம் சொல்லியிருக்கிறேன். படித்து முடித்ததும் "உங்களுக்கு என்னென்ன கும்மிப் பாட்டுத் தெரியும்ங்க ஆத்தா?" என்று கேட்டு, செல்போனில் பதிவும் செய்யச் சொல்லியிருக்கிறேன். பாட்டி பாட, பேத்தி பிடிலில் அதைப் பிடிக்கட்டும். காதால் கேட்டுப் பிடிப்பதுதானே பிடில்.

வீட்டில் வயலின் வைத்திருக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் ஒரு வேலை. நோட்டுஸ்வரங்களைக் குழந்தைகளை வைத்துப் பாடவைத்துப் பதிவு செய்திருக்கிறார் அமெரிக்காவில் வாழும் இசையமைப்பாளர் கன்னிகேஸ்வரன். யூடியூபில் அதில் 'ஜகதீச குருகுஹ'வைத் தேடிக் கேளுங்கள். கேட்ட சூட்டோடு 'லெதர் பிரிச்சஸ்' என்று தேடி யாராவது ஒரு மலைநாட்டுக் கிழவர் வாசிப்பதைக் கேளுங்கள். பங்காளிகளை அடையாளம் கண்டுபிடித்தவர்கள் கீழே கமெண்டில் எழுதலாம். வெள்ளைக்கார முறையில் கற்கிறவர்கள் ஜி கம்பியை ஏ-க்கும், டி கம்பியை ஈ-க்கும் ஏற்றிப் பார்க்கலாம். ரொம்ப மெதுவாகத் திருகவேண்டும் சாமி. கம்பி அறுந்துவிட்டால் "வாத்தியார்தான் சொன்னார்" என்று அம்மாவிடம் என் பேரை இழுக்காதீர்கள்.